நிமிர்ந்தால் நிற்கும் முள்

அண்ணா,

மழை பிடித்துக்கொண்டால் இந்த வாட்சின் தோல் வாரிலிருந்து உன் வியர்வை நாற்றம் வருகிறது. நேற்று முதல் விடாத தூறல். இன்று காலை சாவி கொடுக்க எடுத்தபோது குப்பென்று மூக்கில் ஏறியது. வியர்வையோடு நீ தலையில் வழிய வழியத் தடவும் எண்ணெயும் கலந்த நாற்றம். நீ போன பிறகு ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. நாற்றம் மட்டும் போகவில்லை.

காஞ்சிபுரத்தில் வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவர் வாரை மாற்றிவிடலாம் என்றார். இத்துப்போனதை ஏனம்மா கட்டிக்கொண்டு திரிகிறீர்கள் என்று கேட்டார். செத்துப்போன அண்ணனுடையது, அப்படியே இருக்கட்டும் என்றேன். மனிதர் முகம் இளகிவிட்டது. தங்கச்சிப் பாசம் என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியைச் சும்மாவே துடைத்துக் கொடுத்தார். நான் மறுத்துச் சொல்லவில்லை. பாசம் இல்லை என்பது உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். செத்தோம், தப்பித்தோம் என்று நீ நினைத்துவிடக்கூடாது. நான் போகிற இடமெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நீயும் வரவேண்டும். வயலுக்கும் வரவேண்டும்.

செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது வழக்கம். உன்னை அடக்கம் செய்த அன்று பங்குச் சாமியார் சொன்னார், சேரிப் பெரியவர்கள் சொன்னார்கள். கூடப்பிறந்தவள் மாதிரி இருந்தவள், நீயும் ஏதாவது சொல்லேன் என்று அண்ணி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு விட்டதை இன்றைக்கு எழுதுகிறேன். நம் இரண்டு பேர் அம்மாக்களும் அக்கா தங்கை. பக்கத்துப் பக்கத்துக் கூரை. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஒரே பாயில் உட்கார்ந்து படித்தோம். நான் எட்டாவதோடு நின்று சேற்றில் இறங்கினேன். நீ அதற்கு மேலும் படித்து, நான் இறங்கிய சேற்றுக்கே மேஸ்திரியாக வந்தாய்.

அந்த வாட்ச் உன் கைக்கு வந்த கதையை நீதான் எங்களுக்குச் சொன்னாய். வெள்ளைக்காரத் துரை ஒருவர் கப்பலேறும்போது மதராசில் அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்களாம். நம் ஆண்டை, அந்த மிராசுதார், போட்டி போட்டு எடுத்து வந்தார். சுவிஸ் தேசத்து வேலை. பொன் நிறம். சாவிக்கு மேலே ஒரு பட்டன், கீழே ஒரு பட்டன். முகத்துக்குள் மூன்று சின்ன வட்டங்கள், நடுவில் நீளமாக ஒரு மெல்லிய முள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த நீள முள் அசையவில்லை. மணி காட்டியது, ஆனால் எல்லா வாட்சிலும் ஓடுகிற முள் இதில் உச்சியில் நின்றபடி இருந்தது. துரை தலையில் மிளகாய் அரைத்துவிட்டான் என்று ஆண்டைக்குக் கோபம். அரை உயிர் வாட்ச் என்று பெட்டியில் போட்டு வைத்திருந்தவர், உன்னை மேஸ்திரி ஆக்கியபோது உன்னிடம் தூக்கிப் போட்டார். நீ மேல் பட்டனை அழுத்தினாய். முள் ஓடியது. மறுபடி அழுத்தினாய், நின்றது. இன்னொரு தரம் அழுத்த, நின்ற இடத்திலிருந்தே மறுபடி ஓடியது. நிறுத்திவிட்டுக் கீழ்ப் பட்டனை அழுத்த, உச்சிக்கே திரும்பியது. துரைக்குத் தெரிந்தது ஆண்டைக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்துவிட்டது. நம் பையன் கெட்டிக்காரன் என்று உன் அம்மா, என் பெரியம்மா, சேரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும்தான்.

எங்களுக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று நீ யோசித்திருப்பாயா, தெரியவில்லை. நடவு வேலைக்கு அதுவரை பனை நிழல்தான் அளவு. ஏரிக் கீழ்மதகுக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றைப் பனையின் நிழல் மதகுக் கல்லைத் தொட்டால் கரையேறிவிடலாம். வெயில் நாளில் பிரச்சினை இல்லை. மழைக்காலத்து நடவில் நிழல் எங்கே விழும்? மூடிய வானத்தைக் காட்டி, இன்னும் பொழுது இருக்கிறது, நடு நடு என்று கண் தெரியாத வரைக்கும் சேற்றில் வைத்திருப்பார்கள். வாட்ச் வந்தால் அந்த அநியாயம் தீர்ந்தது என்று நினைத்தோம். அதுவும் நம் வீட்டுப் பிள்ளை கையில். நானே உன்னிடம் கேட்டேன், மோடம் போட்டாலும் இனிமேல் ஏமாத்த முடியாதில்லண்ணா என்று. நீ வெள்ளைச் சட்டைக் கையை மடித்து வாட்சைக் காட்டினாய்.

"ஓடுற முள்ளு பொய் சொல்லாது" என்றாய்.

முள் பொய் சொல்லவில்லை. அது உண்மைதான்.

நடவு தொடங்கி முதல் சில நாள் ஒழுங்காகத்தான் போயிற்று. காலையில் நாங்கள் சேற்றில் கால் வைத்ததும் பட்டனை அழுத்துவாய், நீள முள் ஓடும். அது எத்தனை சுற்று சுற்றியது என்று சின்ன வட்டங்கள் சேர்த்துக்கொண்டே வரும். மாலையில் கணக்கு நிறைந்ததும் போதும் ஏறுங்க என்பாய். பிறகு ஒரு நாள் வரப்பில் நின்றுகொண்டு புதுச் சட்டம் சொன்னாய். முதுகு குனிந்திருந்தால்தான் வேலை, நிமிர்ந்து நிற்பதற்கு ஆண்டை எதற்கு நேரம் கொடுக்கவேண்டும் என்றாய். இனிமேல் எவளாவது நிமிர்ந்தால் முள் நிற்கும். அவள் குனிந்த பிறகுதான் ஓடும். நிமிர்ந்தவளுக்கு மட்டும் நின்றிருந்தால்கூட நான் உன்னை இவ்வளவு வெறுத்திருக்கமாட்டேன். வாட்ச் ஒன்றுதானே, அதனால் ஒருத்தி நிமிர்ந்தால் எல்லாருக்கும் நின்றது.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நீ பட்டப்பகலில் பொழுதையே பிடித்துவைத்தாய். தண்ணீர் குடிக்க நிமிர்ந்தால் டக். அட்டையைப் பிடுங்க நிமிர்ந்தால் டக். வாய்க்காலுக்கு அப்பால் ஒதுங்கப் போனால் டக். அந்தச் சத்தம் உண்மையில் எங்கள் காதுக்கு எட்டாது. ஆனாலும் எல்லாரும் கேட்டோம்.

இதிலே எங்கள் முட்டாள்தனத்தையும் சொல்லவேண்டும். நீ பட்டனை அழுத்தினால் வாட்சே நின்றுவிடுகிறது, நேரமும் நின்றுவிடுகிறது என்று நாங்கள் மெய்யாகவே நம்பினோம். நாங்கள் யாரும் வாட்சைக் கிட்டத்தில் வைத்து உற்றுப் பார்த்ததில்லை. என் பேறுகாலத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த சவுரியம்மா ஒருத்திதான் ஒரு நாள் கேட்டாள், வாட்சு நின்னாலும் சூரியன் இறங்கிக்கினே போவுதே, அது எப்படி என்று. நீ யோசிக்கவேயில்லை.

"சூரியன் வேற, டைம் வேற" என்றாய்.

படித்தவன் சொல்கிறான், இருக்கும் என்று குனிந்துகொண்டோம்.

அப்போது என் மகள் பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வரப்புப் புங்கமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு இறங்குவேன். உனக்கு மருமகள் முறை. ஞானஸ்நானத்தன்று நீதான் அவளை ஏந்திக்கொண்டு நின்றாய். அந்தக் குழந்தை பசித்து அழுதால் நான் கரையேறி பால் கொடுத்துவிட்டு வருவேன். அந்த நேரம் முழுக்க முள் நிற்கும். அத்தனை பெண்களும் குனிந்து நட்டுக்கொண்டே இருப்பார்கள், ஆனால் அவர்கள் நட்டது கணக்கில் ஏறாது. முதல் நாள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் பேச்சைக் குறைத்தார்கள். அதற்கும் அடுத்த நாள் குழந்தை அழுதபோது நான் நிமிரத் தொடங்கினேன், பக்கத்து வரிசையிலிருந்து சவுரியம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அயுவட்டும்டி. எம்புள்ளயும் வூட்ல பசியோடதான் கீது. நீ ஏறினா எல்லாருக்கும் நிக்குது."

நான் வரப்பைப் பார்த்தேன். உன் கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை, என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் குனிந்துகொண்டேன். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டி ஓய்ந்தது. என் ரவிக்கை நனைந்து, பால் சொட்டிச் சேற்றில் விழுந்தது. நீ பார்த்தாய் அண்ணா. பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லாதே.

அந்த நடவு முடிவதற்குள் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. பழுத்து, கீறி, அதோடு பால் வற்றிப்போயிற்று. கஞ்சித் தெளிவில் வளர்ந்த பெண் அவள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், அவள் வயதுப் பிள்ளைகளோடு நின்றால் ஒரு பிடி குள்ளம். கோணலாக ஒன்றும் இல்லை, நல்ல சூட்டிகை. ஆனால் அந்த ஒரு பிடியை உன்னிடமிருந்துதான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சவுரியம்மாவை என்றைக்கோ மன்னித்துவிட்டேன். அவள் வாயில் அந்தச் சொல்லை வைத்தவன் நீ.

அடுத்த போக நடவின்போது பெரியம்மாவுக்கு விஷக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உங்கள் வீட்டுக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ சாப்பிட்டுவிட்டு அதே அறையில் கையை விரித்துப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். வாட்ச் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. நீள முள் உச்சியில் நின்றது. சரி, இன்று வேலை இல்லை, வாட்சும் ஓய்வெடுக்கிறது என்று நினைத்தேன். பெரியம்மாவின் நெற்றித் துணியை நனைத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோது, இடப்பக்கச் சின்ன வட்டத்தில் நூல் மாதிரி ஒரு முள் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். குனிந்து காதை வைத்தேன். டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நெற்றித் துணி காய்வதற்குள் மணி முள்ளும் நிமிஷ முள்ளும் நகர்ந்திருந்தன. நீள முள் மட்டும் அசையவில்லை. நீ எழுந்ததும் வாட்சைப் பார்த்து, செபமாலைக்கு மணி அடிக்கப் போகிறார்கள் என்றாய். நீ செம்பை எடுத்து முகம் கழுவுவதற்குள் கோயில் மணி அடித்தது.

வாட்ச் ஒரு நாளும் நிற்கவில்லை. நாங்கள் தண்ணீர் குடித்தபோதும் ஓடியது, என் குழந்தை தூளியில் கத்தியபோதும் ஓடியது. நீ வேண்டும்போது ஓடவிட்டு வேண்டாதபோது நிறுத்திய விளையாட்டு முள் ஒன்றைத்தான் நாங்கள் காலம் என்று நம்பி முதுகை ஒடித்திருக்கிறோம். பெரியம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏரியில் குளிக்கும்போது ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். கடைசியாகச் சவுரியம்மாவிடம் சொன்னேன். அவள் நம்புவதற்கு நேரம் பிடித்தது. நம்பியதும் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் மகள் பெயரைச் சொல்லி அழுதாள். அழுது முடித்துவிட்டு, நாற்று பறித்த அன்றைக்குத்தான் வேலையை நிறுத்தவேண்டும் என்றாள். பறித்த நாற்று காத்திருக்காது. நடவுக் காலத்தில் திருப்புலிவனத்திலிருந்தோ சாலவாக்கத்திலிருந்தோ வேறு ஆளும் கிடைக்காது, அவரவர் ஏரிக்கு அவரவர் நடவு. அது அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு நல்ல வெயில். முடி முடியாகக் கட்டிய நாற்று வயலெங்கும் கிடந்தது, பாதிகூட நட்டாகவில்லை. பனை நிழல் மதகுக் கல்லைத் தொட்டது. நான் நிமிர்ந்தேன். நீ பட்டனை அழுத்தினாய். சவுரியம்மா நிமிர்ந்தாள். பிறகு வரிசை முழுவதும் நிமிர்ந்தது. நீ வரப்பிலிருந்து கத்தினாய், முள்ளு நின்னுட்ச்சி, எல்லாருக்கும் நின்னுட்ச்சி என்று.

"நிக்கட்டும்ண்ணா" என்றேன். "ஓடுற முள்ளு இன்னொன்னு கீது. அத்தப் பாத்துட்டுதான் ஏறுறோம்."

உன் முகம் போன போக்கை இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன். வாட்சை இன்னொரு கையால் மூடிக்கொண்டாய். மறுநாளும் நாங்கள் யாரும் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் ஆண்டை வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு மதகு மேட்டுக்குப் போய் நின்றோம். நாற்று முடிகள் பழுத்துக் கிடந்தன. ஆண்டை ஒன்றும் நல்லவர் இல்லை. உன் தந்திரத்தால் வேலை வேகமாக நடந்த வரைக்கும் கண்டும் காணாமல் இருந்தவர்தான். அவருக்கு நாற்று முக்கியம். அது போனதும் உன்னைப் பார்த்து எங்கள் அத்தனை பேர் முன்னாலும் ஒரே வார்த்தை சொன்னார்.

"எறங்குடா."

இறங்கினாய். வெள்ளைச் சட்டையோடு, கையில் வாட்சோடு. கழற்றக்கூட அவர் விடவில்லை. அழுகாத நாற்றைப் பொறுக்கி நட்டாய். படித்த பிள்ளைக்கு நடவு வரவில்லை, நட்டது பின்னாலேயே மிதந்தது. நாங்கள் மேட்டிலே உட்கார்ந்து வெற்றிலை போட்டோம். பெரியம்மா ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதை ஆடவில்லை. நீ ஒரு கையை இடுப்பில் ஊன்றி நிமிர்ந்தபோதெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ என்னைத் தேடிப் பார்க்கும் வரைக்கும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு உனக்கு மேஸ்திரி வேலை இல்லை. நடவுக்கு மறுபடி பனை நிழல் வந்தது, வானம் மூடிய நாளில் மாதா கோயில் மணி. நீ செங்கல் சூளைக்குப் போனாய், நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு திரும்பி வந்தாய். படுக்கையில் விழுந்த பிறகு ஆள் மேல் ஆள் அனுப்பினாய். நான் வந்தேன். பெரியம்மா அதற்கு முன்பே செத்திருந்தாள், அண்ணி அடுப்படியில் இருந்தாள். நீ எலும்பாய்க் கிடந்தாய். தலையணைக்கு அடியிலிருந்து வாட்சை எடுத்து என் மடியில் வைத்தாய். சேற்றுநீர் உள்ளே போன கறை அதன் முகத்தில் செம்பழுப்பாக இருந்தது. உங்கண்ணி வித்துடுவா, நீ வச்சிக்கோ என்றாய். பிறகு, எல்லாம் ஆண்டைக்காகத்தான் செய்தேன், மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு என்றாய்.

"ஆண்டை இது செத்துப்போச்சின்னுதான் உங்கையில தூக்கிப் போட்டாரு" என்றேன். "உசுரு குடுத்தவன் நீ."

நீ அழுதாய். நான் வாட்சை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வார்த்தைதானே, சொல்லியிருக்கலாம் என்று சாமியார் பாவசங்கீர்த்தனத்தில் என் பாவத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார். கோயிலில் செபம் சொல்லும்போது பிறர் குற்றத்தைப் பொறுக்கும் இடம் வந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அந்த வரி தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொள்கிறேன்.

அதிலிருந்து இது என்னோடு இருக்கிறது. ஆம்பிளை வாட்ச், என் கைக்கு வளையம் மாதிரி ஆடியது. செருப்பு தைப்பவர் வாரில் இன்னும் இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார். ரிப்பேர்க்காரர் பிரித்துச் சுத்தம் செய்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், சாவி இறுகினால் நிறுத்திவிடுங்கள், முரண்டு பிடிக்காதீர்கள் என்று சொன்னார். மற்ற விஷயத்தில் முரண்டு பிடிப்பேன், இதில் இல்லை. சேரிப் பொம்பளைக்கு எதற்குப் பொன் வாட்சு என்று உத்திரமேரூர்க் கடைத்தெருவில் கேட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்ப்பார். மணி கேட்டால் சொல்வேன். யாருடையது என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன், ஏன் என் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். உன் கதை இப்போது பஸ் போகிற ஊரெல்லாம் தெரியும்.

நடவுக் கும்பலுக்கு நான்தான் தலைவி இப்போது. ஆண்டையின் மகன் காலம். அவருடைய கணக்குப்பிள்ளை வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். சவுரியம்மாவின் மூத்த மருமகள் கைக்குழந்தைக்காரி, இந்த வருஷம்தான் கும்பலில் சேர்ந்தாள். இன்று தூறலோடு நட்டுக்கொண்டிருந்தபோது அவள் குழந்தை அழுதது. அந்தப் பெண் குனிந்தபடியே என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். போடி, ஏறு என்றேன். ஏறினாள். கணக்குப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேலை நேரம் போகிறதே அம்மா என்றார். நான் கைச் சேற்றை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேல் பட்டனை அழுத்தினேன். நீள முள் ஓடத் தொடங்கியது. அவரிடம் மணிக்கட்டை நீட்டிக் காட்டினேன்.

"ஓடிக்கினுதான் கீது, பாருங்க. இதுவும் வேலைதான்."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் குனிந்து நடவில்லை. நிமிர்ந்து நின்றேன், மழையில், அந்தப் பெண் ஒரு பக்கம் கொடுத்துவிட்டு மறுபக்கம் மாற்றிப் போடும் வரைக்கும். குழந்தை தானாக வாயை எடுத்தது. அவள் ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு தூளியில் போட்டுவிட்டு இறங்கினாள். அதன் பிறகுதான் பட்டனை அழுத்தினேன். ஒரு குழந்தை வயிறு நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று உன் வாட்ச் காட்டியது. அவ்வளவுதான் அண்ணா, அவ்வளவு கொஞ்சம்தான். அதைக்கூட நீ என் பெண்ணுக்கு விடவில்லை.